கல்லில் பறவை வரைந்த பெண்மணி

வர்ணப் படங்களை இன்று இயந்திரம் நொடிப்பொழுதில் அச்சிட்டுத் தள்ளுகிறது. 1830களில் அப்படியல்ல. பறவை நூலொன்றின் ஒவ்வொரு பிரதியிலும் ஒவ்வொரு படத்துக்கும் ஆட்கள் அமர்ந்து தூரிகையால் வர்ணம் தீட்டினார்கள். அமெரிக்கப் பறவைகளைப் பற்றிய ஓடுபனின் நூலுக்கு 435 செப்புத் தகடுகள் செதுக்கப்பட்டன. லண்டனில் ஜோன் கூல்ட் என்பவரோ கல்லச்சைத் தெரிவு செய்தார். அந்தக் கல்லில் வரைந்தவர் அவருடைய மனைவி எலிசபெத்.

வீடொன்றில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வந்த எலிசபெத், 1829ஆம் ஆண்டு கூல்டை மணந்தார். கூல்ட், செத்த பறவைகளைப் பாடம் செய்து வைப்பதில் கைதேர்ந்தவர். இமயமலைப் பறவைகளின் தோல்கள் அவரிடம் வந்து சேர்ந்ததும், மனைவியையே வரையச் சொன்னார். அவ்வாறு உருவான 80 படங்களே அவர்களின் முதல் நூல்.

வேலை இலேசானதல்ல. சுண்ணாம்புக் கல்லில், கொழுப்புப் பசையுள்ள கோலால், பறவையை இடம் வலம் மாற்றி வரைய வேண்டும். கல்லை நனைத்து மை பூசினால், கோடு விழுந்த இடத்தில் மாத்திரமே மை ஒட்டும். தாளில் பதிந்த பிறகு, மாதிரிப் படமொன்றைப் பார்த்து வர்ணக்காரர்கள் நிறம் தீட்டுவார்கள். இலங்கைப் பறவைகளைப் பற்றி லெக் 1878-1880இல் வெளியிட்ட நூலின் வர்ணப் படங்களும் இவ்வாறு உருவானவைதான்.

இத்தனைக்கும் நடுவே எலிசபெத் எட்டுப் பிள்ளைகளைப் பெற்றார். 1838இல் கணவரோடு அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது, ஏழு வயது மூத்த மகனை மாத்திரம் அழைத்துச் சென்றார். சிறியவர்கள் மூவரையும் தாயாரிடம் விட்டுச் சென்றார். கைக்குழந்தையும் அதில் ஒன்று. இரண்டு வருடங்களுக்கு மேல் அவர்களின் முகம் காணவில்லை! ஒரு தாய்க்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1840இல் திரும்பி வந்தார். மறு வருடம் எட்டாவது பிரசவத்தை அடுத்து வந்த காய்ச்சலில் காலமானார். வயது 37. அறுநூறுக்கும் மேற்பட்ட படங்களை வரைந்திருந்தார். ஆனால் நூல்களின் முகப்பில் கணவரின் பெயர்தான். மனைவியின் பெயரைப் படங்களின் அடியில், சிறிய எழுத்தில் தேடிப் பார்க்க வேண்டும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பச்சை முதுகும் ஊதா நெஞ்சும் மஞ்சள் வயிறும் கொண்ட அவுஸ்திரேலியச் சிட்டு ஒன்றுக்கு, 1844இல் கூல்ட் மனைவியின் நினைவாகப் பெயர் வைத்தார். அதை வரைய எலிசபெத் இருக்கவில்லை. அவுஸ்திரேலிய நூலின் மீதிப் படங்களை வேறொருவரே கல்லில் வரைந்து முடித்தார்.