கஞ்சிப்பாசியில் இல்லாத பட்டை

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில், எடுத்த முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் போட்டுப் பெரிது சிறிதாகப் பிரித்தார்கள். இலையின் நிறமிகளைப் பிரிக்கும் மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகையையும் பிளஸ் டூ பிள்ளைகள் ஒரு சல்லடை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே அளவுக்கு வேலையில்லை. எது எதோடு ஒட்டும் என்பதுதான் கேள்வி.

தகட்டில் பூசிய சிலிக்கா ஜெல்லின் மேற்பரப்பெல்லாம் ஹைட்ராக்சில் தொகுதிகள், முனைவுத்தன்மை மிகுந்தவை. பீட்டா கரோட்டினில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே இருப்பதால் அதைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. லூட்டினுக்கும் கிட்டத்தட்ட அதே எலும்புக்கூடு. ஆனால் இரண்டு ஹைட்ராக்சில் கூடுதல், அதனால் சிலிக்காவை விடாது. பச்சையம் ஏ, பி இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் வித்தியாசம்: ஏ-யில் மெத்தில், பி-யில் ஆல்டிஹைடு. அதனாலேயே பி பின்தங்கும்.

முருங்கைக்கீரையை அசிட்டோனில் அரைத்துப் பொட்டு வையுங்கள். வெறும் ஹெக்சேனில் நிறுத்தினால் கரோட்டின் மட்டும் கிளம்பும், பச்சை நகராது. வெறும் அசிட்டோன் என்றால் எல்லாமே உச்சிக்கு ஓடிக் குவியும். ஹெக்சேன் ஏழு பங்கு, அசிட்டோன் மூன்று பங்கு என்றால்தான் மேலே கரோட்டின், அடுத்து நீலப்பச்சை ஏ, மஞ்சள்பச்சை பி, கீழே லூட்டின் போன்ற சாந்தோபில் என்று வரிசை கட்டும். அசிட்டோன் சிலிக்காவின் இடங்களைத் தானே பிடித்துக்கொண்டு நிறமிகளைக் கிளப்பிவிடுகிறது. நடுவில் சாம்பல் பட்டை தெரிந்தால் பதற வேண்டாம். மெக்னீசியத்தை இழந்த பச்சையம் அது. புளி சேர்த்த கீரை பழுப்பாவதும் இதனால்தான்.

1903-இல் வார்சாவில் மிகயில் ஸ்வெட் இலைச்சாற்றைக் குழாயில் பிரித்துக் காட்டியதும் இந்த ஒட்டும் குணத்தை வைத்துத்தான். தகடு பின்னால் வந்தது.

எனக்குப் பிடித்த சோதனை கஞ்சிப்பாசி. செந்நிறப் பாசியை அரைத்தால் அசிட்டோன் பச்சையாகிறது! சிவப்பு நிறமி புரதத்தோடு பிணைந்தது; நீரில்தான் கரையும். தகட்டில் ஏ தெரியும், பி-யின் பட்டை இருக்காது. சிவப்புப் பாசிகளில் பச்சையம் பி கிடையாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையேட்டில் உள்ள ஒரே விகிதத்தோடு நிறுத்தாமல், மூன்று விகிதங்களைப் பிள்ளைகளே கலந்து பார்க்கட்டும். ஹெக்சேன் சட்டென்று தீப்பிடிக்கும். பன்சன் அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு ஆரம்பியுங்கள்.