ஒளியைச் சல்லடை போடும் கண்ணாடி

மூக்குக்கண்ணாடி அணிந்திருக்கும் மாணவர்கள் அதை ஒரு நிமிடம் கழற்றி, தலைக்கு மேல் எரியும் விளக்கின் பிம்பம் அதில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். விளக்கு வெள்ளை, பிம்பமோ பெரும்பாலும் பச்சை அல்லது நீலம் கலந்த ஊதா. மெதுவாகச் சாய்த்தால் அந்த நிறமும் மாறும். கண்ணாடியில் யாரும் சாயம் பூசவில்லை. அந்த நிறத்துக்குக் காரணம், நிறமே இல்லாத சில மெல்லிய படலங்கள். அவை அத்தனையையும் சேர்த்தாலும் ஒரு தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்கு வராது.

இத்தகைய படலங்களை வடிவமைப்பதுதான் பினாங்கில் என் வேலை. கார் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டும் வேலையா என்று என் மாமா இன்னமும் கேட்கிறார். அடுக்கு எத்தனை, ஒவ்வொன்றும் எந்தப் பொருள், பருமன் எத்தனை நானோமீட்டர் என்று முடிவு செய்வது என் பொறுப்பு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு நானோமீட்டர்.

வடிகட்டி என்றதும் தேநீர் வடிகட்டிதான் நினைவுக்கு வரும். தூள் மேலே நிற்கும், தேநீர் கீழே இறங்கும். சாயக் கண்ணாடி ஏறக்குறைய அப்படித்தான். சிவப்புக் கண்ணாடி மற்ற நிறங்களை விழுங்கி, சிவப்பை மட்டும் விடுகிறது. நாங்கள் செய்யும் வடிகட்டி எதையும் விழுங்குவதில்லை. வேண்டிய நிறத்தைக் கடக்கவிட்டு, வேண்டாததைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இது எப்படி நடக்கிறது என்பதற்கான அடிப்படை உங்கள் படிவம் 4 இயற்பியல் நூலில், அலைகள் பாடத்திலேயே இருக்கிறது. இரண்டு அலைகளின் முகடுகள் சேர்ந்தால் அலை பெரிதாகும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் அழிந்துபோகும். சாதாரணக் கண்ணாடி தன் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதன்மேல் மெக்னீசியம் ஃபுளோரைடு படலம் ஒன்றை இடுவோம். இப்போது ஒளி இரண்டு இடங்களில் திரும்புகிறது: படலத்தின் மேற்பரப்பில் ஒரு பகுதி, அடிப்பரப்பில் இன்னொரு பகுதி. இரண்டாவது பகுதி படலத்தை இருமுறை கடந்து வர வேண்டும். படலத்தின் பருமன், அதற்குள் இருக்கும் அலைநீளத்தில் கால் பங்கு என்றால், அந்த அலை சரியாக அரை அலைநீளம் பின்தங்கி வரும். ஒன்றின் முகடு மற்றதன் பள்ளத்தில் விழும். 550 நானோமீட்டர் பச்சை ஒளிக்குத் தேவையான பருமன் ஏறக்குறைய 100 நானோமீட்டர். திரும்பும் ஒளி 4 விழுக்காட்டிலிருந்து 1.3 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும்.

பள்ளிகளில் பேசப் போகும்போது, அழிந்த ஒளியின் ஆற்றல் எங்கே போனது என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்கு மகிழ்ச்சி. திரும்பாத ஒளி கண்ணாடியைக் கடந்து முன்னே போகிறது. அதனால்தான் நல்ல கேமரா லென்சுகளில் படம் பளிச்சென்று விழுகிறது.

இந்த உண்மை ஆய்வகத்தில் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1890களில் இங்கிலாந்தின் லென்ஸ் வடிவமைப்பாளர் டென்னிஸ் டெய்லர், பழசாகி மங்கிப்போன லென்சுகள் புதியவற்றைவிட அதிக ஒளியைக் கடத்துவதைக் கவனித்தார். பரப்பில் தானாக உருவாகியிருந்த மெல்லிய படலமே அதற்குக் காரணம். 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகூலா இதை முறையாகச் செய்யும் வழிக்குக் காப்புரிமை பெற்றார். 1938இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் கேதரின் பிளாட்ஜெட், ஒற்றை மூலக்கூறு பருமனுள்ள படலங்களை 44 முறை அடுக்கி, பிம்பமே தெரியாத கண்ணாடியைக் காட்டினார். அந்தப் படலம் துடைத்தாலே போய்விடும் அளவு மென்மையானது என்பதுதான் குறை.

ஒரு படலம் பிரதிபலிப்பைக் குறைக்கிறது. பல படலங்கள் சேர்ந்தால் அதற்கு நேர்மாறானதையும் செய்யலாம். ஒளிவிலகல் எண் அதிகமுள்ள டைட்டானியம் டைஆக்சைடு, குறைவாக உள்ள சிலிக்கா என்று மாறி மாறி அடுக்குங்கள். ஒவ்வொன்றும் கால் அலைநீளப் பருமன். 500 நானோமீட்டர் ஒளிக்கு முன்னது 53 நானோமீட்டர், பின்னது 86 நானோமீட்டர். இப்போது ஒவ்வோர் எல்லையிலிருந்தும் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும். ஓர் அடுக்கு 32 விழுக்காடு ஒளியைத் திருப்பும். மூன்று அடுக்குகள் 65, ஐந்து அடுக்குகள் 85, பதினோர் அடுக்குகள் 99. இருபத்தோர் அடுக்குகள் 99.99 விழுக்காட்டைத் திருப்பிவிடும். இத்தனைக்கும் இரண்டுமே கண்ணுக்கு நிறமற்ற பொருள்கள். மொத்தப் பருமன் ஒன்றரை மைக்ரோமீட்டர்கூட இல்லை.

இதற்கான கணக்கைப் பார்த்து மிரள வேண்டாம். ஒவ்வோர் அடுக்கும் ஒரு 2க்கு 2 அணி, நீங்கள் மாட்ரிக்ஸ் என்று படிப்பது. 21 அடுக்குகளுக்கு 21 அணிகளை வரிசையாகப் பெருக்கினால் விடை கிடைத்துவிடும். அணிப் பெருக்கல் படிவம் 5 கணிதத்தில் உண்டு. எஸ்டிபிஎம் மாணவர்களுக்குக் கலப்பெண்களும் தெரியும் என்பதால் இன்னும் எளிது. இந்த முறையை வகுத்துத் தந்தவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிளோரின் அபெலெஸ்.

இத்தனை கறாராக ஒளியைத் தடுக்க வேண்டிய தேவை யாருக்கு இருக்கிறது? திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமனுக்கு இருந்தது. 1928இல் கல்கத்தாவில் அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் செய்த ஆய்வின் உயிர்நாடியே இரண்டு வடிகட்டிகள். ஒன்று ஊதா ஒளியை மட்டும் விடும். மற்றது அந்த ஊதாவைத் தடுத்து மஞ்சள் கலந்த பச்சையை மட்டும் விடும். முதல் வடிகட்டியைத் தாண்டிய சூரிய ஒளியைத் திரவத்தில் பாய்ச்சி, சிதறிய ஒளியை இரண்டாவதன் வழியாகப் பார்த்தார்கள். ஒளியின் நிறம் மாறாதிருந்தால் முழு இருட்டாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மங்கலான ஒளி தெரிந்தது. 1930இல் நோபல் பரிசைக் கொண்டுவந்தது அந்த மங்கல் ஒளிதான். அவர்கள் கையில் இருந்தவை இன்றைய அடுக்குப் படலங்கள் அல்ல. ஆனாலும் கேள்வி ஒன்றே: பெருவெள்ளமான ஒளியைத் தடுத்து, அதனுள் மறைந்திருக்கும் ஒரு துளியை எப்படிப் பார்ப்பது?

கோவிட் காலத்தில் எல்லாரும் கேள்விப்பட்ட பிசிஆர் கருவியின் உள்ளேயும் இதே கேள்விதான். மாதிரியில் கிருமியின் மரபணு இருந்தால் அது படியெடுக்கப்பட்டுப் பெருகும். பெருகப் பெருக, அதோடு சேர்க்கப்பட்ட சாயம் ஒளிரும். பரவலாகப் பயன்படும் ஃபேம் என்னும் சாயம் 495 நானோமீட்டர் அருகே உள்ள நீல ஒளியை வாங்கிக்கொண்டு 520 அருகே பச்சையாக ஒளிர்கிறது. இரண்டுக்கும் இடைவெளி வெறும் 25 நானோமீட்டர். பாய்ச்சும் நீலமோ பிரம்மாண்டம். திரும்பும் பச்சையோ சொற்பம். நீலத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் உணரியைத் தொடக்கூடாது. பத்தின் அடுக்கில் சொன்னால் கழித்தல் 6; எங்கள் துறையில் இதை ஆப்டிகல் டென்சிட்டி 6 என்போம்.

சில காலத்துக்கு முன், டெங்கிப் பரிசோதனைக்காகச் சிறிய கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்த ஒரு நிறுவனம் எங்களிடம் வடிகட்டி வாங்கியது. 510 நானோமீட்டருக்குக் கீழே எல்லாவற்றையும் தடுக்க வேண்டும். மேலே எல்லாவற்றையும் விட வேண்டும். அப்படியே செய்து கொடுத்தோம். ஒரு மாதத்தில் காணொளி அழைப்பு வந்தது: “உங்கள் வடிகட்டி கசிகிறது.” கிருமியே இல்லாத, வெறும் நீர் வைத்த குழியும் மெல்ல ஒளிர்வதாக அவர்கள் கருவி காட்டியது.

அந்தப் பின்னணி ஒளியை மென்பொருளைக் கொண்டு கழித்துவிடலாமே என்று தோன்றும். அளவைக் கழிக்கலாம், அதன் நடுக்கத்தைக் கழிக்க முடியாது. இரத்தத்தில் கிருமி குறைவாக இருக்கும் ஒருவரின் மெல்லிய ஒளிர்வு அந்த நடுக்கத்துக்குள் மூழ்கிவிடும். ‘ஒன்றுமில்லை’ என்று முடிவு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அதனால் அந்த அழைப்பை நாங்கள் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

திருப்பி அனுப்பப்பட்ட வடிகட்டியை அளந்து பார்த்தேன். ஒளி நேராக விழும்போது குறையே இல்லை. 30 டிகிரி சாய்த்தேன். 510இல் இருந்த வரம்பு 490க்கு நகர்ந்துவிட்டது. உங்கள் மூக்குக்கண்ணாடியைச் சாய்த்தபோது நிறம் மாறியதே, அதே காரணம்தான்: சாய்வாகப் போகும் ஒளிக்கு அடுக்குகள் மெலிந்துபோனவைபோல் ஆகிவிடுகின்றன. கருவியைச் சிறிதாக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் ஒளியை நேராக்கும் லென்சை எடுத்துவிட்டிருந்தார்கள். கதிர்கள் 30 டிகிரி வரை சாய்ந்து வந்தன. 495 வரை நீளும் நீல ஒளிக்கு வாசல் திறந்தே கிடந்தது.

வரம்பை 525க்குத் தள்ளிவிடுங்கள் என்றார்கள் அவர்கள். அப்படிச் செய்தால் நீலம் நிற்கும். ஆனால் 520இல் இருக்கும் பச்சையின் உச்சமும் சேர்ந்து வெளியே போய்விடும். நோயாளியின் ஒளியையும் அல்லவா அது தடுக்கும்! இரண்டு வாரம் பேசினோம். கடைசியில், முன்னால் ஒரு சிறு துளைத்தகடு வைத்துச் சாய்வை 12 டிகிரிக்குள் அடக்க அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நீல ஒளியையும் 490ஓடு நறுக்கினார்கள். நான் வரம்பை 515க்கு மாற்றினேன். துளையால் பச்சை ஒளியிலும் ஒரு பங்கு குறைந்ததுதான். ஆனால் நீர் வைத்த குழி இருண்டது.

வடிவமைப்பு என்பதில் பாதி இப்படிப்பட்ட பேச்சுவார்த்தைதான் என்று நான் சொன்னால் பொறியியல் மாணவர்கள் நம்புவதில்லை. மறுபாதி, கணினி காட்டும் அழகான வளைகோட்டைச் சந்தேகிப்பது. மென்பொருள் 90 அடுக்குகளில் அப்பழுக்கில்லாத தீர்வு ஒன்றைத் தரும். அதில் ஓர் அடுக்கு 6 நானோமீட்டர் இருக்கும். அத்தனை மெல்லிய அடுக்கைத் துல்லியமாக இடுவது பெரும்பாடு. ஆகவே எந்தத் தீர்வையும் தேர்ந்தெடுக்கும் முன், ஒவ்வோர் அடுக்கின் பருமனிலும் 1 விழுக்காடு வரை தற்செயல் பிழையைக் கலந்து, இருநூறு முறை கணக்கிட்டுப் பார்ப்பேன். அழகான 90 அடுக்கு அதில் தோற்று, சற்றே மேடுபள்ளமான 62 அடுக்கு பிழைத்துக்கொண்டால், எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். எல்லா அடுக்கும் 1 விழுக்காடு தடித்துவிட்டால் 515இல் இருக்க வேண்டிய வரம்பு 520க்குப் போய்விடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்குகள் உருவாவது ஒரு வெற்றிடக் கலனில். உள்ளே காற்றழுத்தம் வெளியே இருப்பதில் நூறு கோடியில் ஒரு பங்கு. எலெக்ட்ரான் கற்றை பட்டு ஆக்சைடு உருகி ஆவியாகும். மேலே சுழலும் கண்ணாடிகளில் போய்ப் படியும். படியும்போதே ஓர் ஒளிக்கதிரைக் கண்ணாடி வழியாகச் செலுத்தி, அதன் அளவு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்போம். உரிய இடம் வந்ததும் மூடி விழும், அடுத்த பொருள் தொடங்கும். 60 அடுக்குக்கு மணிக்கணக்கில் ஆகும்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. வெறுமனே ஆவியாகிப் படியும் படலம் நுண்ணோக்கியில் நாணல் காடு போலிருக்கும். நெடுநெடுவென்ற தூண்கள், இடையில் வெற்றிடம். கலனைத் திறந்ததும் ஈரக்காற்று அந்த இடைவெளிகளில் புகுந்துகொள்ளும். காற்றின் ஒளிவிலகல் எண் 1, நீரினுடையது 1.33. ஆக, காலையில் அளந்த வடிகட்டி மாலையில் சில நானோமீட்டர் நகர்ந்திருக்கும். பினாங்கில் ஈரத்துக்கு எப்போது பஞ்சம்? இதைத் தடுக்க, படியும்போதே வேகமான அயனிகளைக் கொண்டு படலத்தை அடித்து இறுக்குகிறோம். இடைவெளி இல்லையேல் நீருக்கும் இடமில்லை.

பைத்தான் தெரிந்தவர்கள் இந்த விடுமுறையில் 21 அடுக்குக் கணக்கை எழுதிப் பாருங்கள். டைட்டானியம் டைஆக்சைடுக்கு 2.35, சிலிக்காவுக்கு 1.46, கண்ணாடிக்கு 1.52 என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அடுக்கும் கடைசி அடுக்கும் டைட்டானியம் டைஆக்சைடாக இருக்கட்டும். 500 நானோமீட்டரில் 99.99 விழுக்காடு ஒளி திரும்பினால் உங்கள் நிரல் சரி. பிறகு, நட்டநடுவில் இருக்கும் 11ஆவது அடுக்கின் பருமனை மட்டும் இரட்டிப்பாக்கி, 0.1 நானோமீட்டர் இடைவெளியில் மறுபடி ஓட்டுங்கள். எந்த 500இல் ஒளி அறவே நுழைய முடியவில்லையோ, அதே 500இல் இப்போது 96 விழுக்காடு கடந்துபோகும். அந்த வாசலின் அகலம் ஏறக்குறைய 1 நானோமீட்டர்தான். இருபுறமும் பழையபடி சுவர். ஏன் என்று உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் கேட்பதற்கு முன், வகுப்பில் யாராவது கரும்பலகையில் விளக்க முடிகிறதா பாருங்கள்.