முடத்தெங்கும் மடற்பனையும்

உயர்தர வகுப்பு மாணவர்க்குத் தமிழ் கற்பிப்பவன் நான். சென்ற தவணையில் ஒருநாள், “நல்லாசிரியர் யார்?” என்னும் வினாவைக் கரும்பலகையில் எழுதி, பெயர் குறிப்பிடாது ஒரு பக்கத்தில் விடை தருமாறு கேட்டேன். அறிவு, ஒழுக்கம், அன்பு என்று பரீட்சைக்குரிய சொற்களே வருமென எதிர்பார்த்தேன். வந்தவை வேறு.

கொப்பியைத் திருத்திக் காலத்தோடு திருப்பித் தருபவர் என்றது ஒரு தாள். கடைசி வாங்கில் இருப்பவனின் பெயரையும் அறிந்தவர் என்றது இன்னொன்று. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, மறுநாள் தேடிவந்து சொல்பவர் என்றது மற்றொன்று. ஒரு தாளில் மட்டும் கசப்பு மிகுந்திருந்தது: “பள்ளிக்கூடத்தில் ‘புத்தகத்தில் இருக்கிறது, பாருங்கள்’ என்று விட்டுவிடும் பாடத்தையே மாலையில் ரியூசன் வகுப்பில் அழகாக விளங்கப்படுத்துகிறார்கள். அதற்குக் காசில்லாதவன் என்ன செய்வது?”

அவ்வினா எனக்கு நன்னூலை நினைவூட்டிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூலின் பொதுப்பாயிரத்தில், மாணாக்கரை அன்னத்துக்கும் பசுவுக்கும், ஆட்டுக்கும் எருமைக்கும் ஒப்பிடும் பகுதி ஆசிரியர்களாகிய எங்களுக்கு மனப்பாடம். ஆசிரியராதற்குத் தகாதாரைப் பற்றி அதே பாயிரம் கூறுவதை மாத்திரம் வசதியாக மறந்துவிடுகின்றோம்.

அங்குள்ள உவமைகளுள் ஒன்று முடத்தெங்கு. ஒருவர் நீர் வார்த்து வளர்க்க, வேலிக்கு அப்பால் வளைந்து அயலவர் வளவிலே காயை உதிர்க்கும் தென்னை அது. தன்னை வழிபட்டு நிற்பவரை விடுத்துப் பிறர்க்குக் கற்பிப்பவனை அது குறிக்கும். 1945ஆம் ஆண்டிலே இலவசக் கல்வியை ஏற்படுத்திய நாடு இது. பள்ளிக்கூடம் என்னும் தென்னைக்கு நீர் வார்ப்போர் கூலி வேலை செய்வோரும் கடலுக்குச் செல்வோருமாகிய பொதுமக்கள். காய் மட்டும் கட்டணம் செலுத்த வல்லவரின் வளவிலே விழுவது என்ன நீதி? மாலை வகுப்புகள் யாவும் தீயன என்பதன்று என் கருத்து. குறைந்த வருவாயில் குடும்பம் நடத்தும் ஆசிரியரின் இடுக்கணை நான் அறிவேன். காலையில் மறைத்து மாலையில் விற்பதே குற்றம்.

நான் அத்தகைய வகுப்பு நடத்துபவன் அல்லன். ஆதலால் அந்தத் தாளை நெஞ்சு நிமிர்த்தியே வாசித்தேன். அதற்கடுத்த தாள் என்னைத் தலைகுனிய வைத்தது: “விளங்கவில்லை என்று எழும்பினால், ‘இவ்வளவு நேரமும் எங்கே இருந்தாய்?’ என்று கேளாதவர்.”

அது என் வாசகம். பல ஆண்டுகளாக நான் சொல்லிவரும் வாசகம். பவணந்தியார் இதற்கும் ஓர் உவமை வைத்திருக்கிறார்: மடற்பனை. தானாக விழும் பழத்தைப் பொறுக்கிக்கொள்ளலாம். ஏறிப் பறிக்க முயல்வோரை மட்டையின் கருக்கு அறுக்கும். யாழ்ப்பாணத்தவனுக்கு இவ்வுவமைக்கு உரை வேண்டியதில்லை.

மறுநாள் அந்தத் தாளை, எழுதியவர் யாரென வினவாமல், வகுப்பில் வாசித்தேன். “இதிலே குறிப்பிடப்படுபவன் நான்தான்” என்றும் சொன்னேன். பின்னர், முந்திய பாடத்தில் விளங்காதவற்றைக் கேட்குமாறு கூறினேன். நெடுநேரம் ஒருவரும் எழும்பவில்லை. ஈற்றில் கடைசி வாங்கிலிருந்து ஒரு கை பாதி உயர்ந்து தயங்கி நின்றது. அது முழுவதும் உயரும்வரை பேசாது காத்திருந்தேன். எனக்கு அது புதிய பழக்கம்.