பட்டம் பார்க்காத காய்கறிகள்

மாடித்தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் தக்காளியில்தான் தொடங்குகிறார்கள். பை, தென்னை நார்க்கழிவு, விதைப் பாக்கெட் என்று வாங்கி வந்து, நாற்று விட்டு, பிடுங்கி நட்டு, குச்சி ஊன்றிக் கட்டுவார்கள். இலை சுருண்டதுபோக, வெயிலில் பூ உதிர்ந்ததுபோக மிஞ்சுவதைப் பறித்து முடித்ததும் மண்ணைக் கொட்டிக் கிளறி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நடுவில் நான்கு நாள் கல்யாணத்துக்குப் போய்விட்டால் கதை முடிந்தது. அடுத்த வருடம் பல மாடிகளில் காலிப் பைகள்தான் கிடக்கின்றன.

தக்காளிமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் வருடம் பூராவும் காய் வேண்டும், வேலையும் அதிகம் கூடாது என்பவர்களுக்கு அது சரியான முதல் செடி அல்ல. அவர்களுக்கு உகந்தவை கொல்லைப்புறத்தில் காலங்காலமாக நின்றவைதான்: கோவை, முருங்கை, சுண்டை, பசலை, கறிவேப்பிலை. இவற்றுக்கு ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்ற கணக்கில்லை. ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். தக்காளியும் வெண்டையும் சில மாதங்களில் காய்த்து ஓய்ந்துவிடுபவை. பல்லாண்டுச் செடிகளோ வேரிலும் தண்டிலும் சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வெயிலில் இலை வாடினாலும், கிளையை வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும் தெம்பு அங்கிருந்துதான் வருகிறது.

கோவைக்காயை எடுத்துக்கொள்வோம். இதில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. வேலியில் தானாக முளைத்த கோவை பூத்துக் குலுங்கியும் காய்க்கவில்லை என்றால் அது பெரும்பாலும் ஆண் கொடி. வெள்ளைப் பூவுக்குக் கீழே சுண்டுவிரல் நுனியளவு குட்டிக்காய் ஒட்டியிருந்தால் பெண் கொடி. காட்டுக்கோவையில் கசப்பும் உண்டு. அதனால் கோவையை விதையிலிருந்து வளர்ப்பது வீண்வேலை. நீங்கள் சாப்பிட்டுப் பார்த்த, கசக்காத கொடியிலிருந்து தண்டு கேட்டு வாங்குங்கள். சமையலுக்கென்று வளர்க்கும் ரகங்கள் பலவற்றில் ஆண் கொடி பக்கத்தில் இல்லாமலே காய் பிடிக்கும்.

பென்சில் தடிமனில், நான்கு கணு உள்ள முற்றிய தண்டாக இருக்கட்டும். அடிப்பக்கம் சரிவாகவும் மேல்பக்கம் நேராகவும் வெட்டினால் தலைகீழாக நட்டுவிடும் குழப்பம் வராது. இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு கணு வெளியே. நிழலில் வைத்து, மண் ஈரமாக இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொண்டால் சில வாரங்களில் கணுவில் பச்சை எட்டிப் பார்க்கும். அதன்பிறகு பழைய பெயிண்ட் வாளி ஒன்றும், ஏறிப் படர மாடிக் கம்பியும் போதும். வாளியின் அடியில் ஓட்டை போட மறந்துவிடாதீர்கள். வெறும் நார்க்கழிவு வருடக்கணக்கில் நிற்கும் செடிக்குத் தாங்காது. செம்மண், தொழு உரம், நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்துகொள்ளுங்கள்.

காய்க்கத் தொடங்கியதும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்துவிட வேண்டும். விட்டால் உள்ளே சிவந்து கொழகொழத்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை கொடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு ஒரு கூடை எரு போட்டால் புதுக்கொடி அடித்துக்கொண்டு கிளம்பும்.

தரையில் இடமுள்ளவர்களுக்கு முருங்கை. பழைய மரத்து ரகம் வேண்டுமானால் போத்து நடலாம். செடிமுருங்கைதான் வேண்டும் என்றால் விதை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்.1 ரகம் விதைத்து ஆறேழு மாதத்தில் காய்க்கும். அறுவடை முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டினால் மறுபடி கிளைத்துக் காய்க்கும். மரத்தை ஓங்க விட்டுவிட்டு, தொரட்டி கட்டி அண்ணாந்து நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். முருங்கையைக் கெடுப்பது தண்ணீர்ப் பஞ்சம் அல்ல, தேங்கும் தண்ணீர்தான். மழைக்குப் பிறகு கம்பளிப்பூச்சி வரும். பகலில் அவை அடிமரத்தில் அடையடையாக ஒட்டிக்கொண்டிருக்கும்போதே ஒழித்துவிடலாம். கை மட்டும் படக்கூடாது.

சுண்டையை நட்டுவிட்டு மறந்தே போகலாம். பச்சையாகக் குழம்புக்கு, மிஞ்சியதை மோரில் ஊறவைத்து வற்றலுக்கு. இதன் வேர் வாடல் நோயைத் தாங்கும் என்பதால் சுண்டை அடித்தண்டில் கத்திரியை ஒட்டுக் கட்டி நாற்றாக விற்கிறார்கள். சாதாரணக் கத்திரியைவிட இந்த ஒட்டுக்கத்திரி நெடுநாள் காய்க்கும், விலை சற்று அதிகமானாலும் வாங்கலாம். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் துளிரை மட்டும் அவ்வப்போது கிள்ளி எறிய வேண்டும். விட்டால் கத்திரியை அமுக்கிவிட்டுச் சுண்டையே மரமாகிவிடும்.

கீரையில் கொடிப்பசலையும் பொன்னாங்கண்ணியும் சோம்பேறிகளின் நண்பர்கள். சந்தையில் வாங்கிய கட்டில் முற்றிய தண்டை ஊன்றினாலே தழைக்கும். பாதி நிழலும் போதும்.

தவசிக்கீரைபற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். நர்சரிகளில் மல்டிவைட்டமின் கீரை என்று விற்கிறார்கள். குச்சி ஊன்றினால் வரும், பூச்சித் தொல்லையும் குறைவு. ஆனால் 1990-களின் நடுவில் தைவானில் உடல் இளைப்பதற்காக இதைப் பச்சையாக அரைத்துத் தினமும் குடித்தவர்கள் பலருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் அடைபட்டு, மீளாத மூச்சுத்திணறல் வந்தது. எப்போதாவது கூட்டு, பொரியல் என்று வேகவைத்துச் சாப்பிடுங்கள். அரைத்துக் குடிப்பது வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் ஒரே விதி: விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். கோடையில் மாடியில் இருக்கும் வாளிகளுக்குத் தினமும் தேவைப்படும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் தேவைப்படாது. அரிசி களைந்த தண்ணீர் தாராளமாக ஊற்றலாம், சோப்புத் தண்ணீர் ஆகாது.

ஒரே ஒரு வாளிக்குத்தான் இடம் என்பவர்கள் கோவையையே வையுங்கள். தண்டு ஊன்றுவதைச் சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும் தவிர்த்துவிட்டு, ஒரு மழை விழுந்த பிறகு ஆரம்பியுங்கள்.