பாதாளச் சாக்கடை டெபாசிட்: காலிமனைக்காரர் பங்கு எங்கே?

முதல் அரையாண்டு சொத்து வரிக்குக் கெடு செப்டம்பர் 30. அது நெருங்க நெருங்க, சென்னைப் புறநகர் வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம்: வரியும் கட்டுகிறோம், பாதாளச் சாக்கடைக்குத் தனியாக டெபாசிட்டும் ஏன்? வரி நடைமுறைச் செலவுக்கு. டெபாசிட் புதுக் குழாய் பதிக்க. அதிகாரிகள் ‘பொதுமக்கள் பங்களிப்பு’ என்று சொல்லும் இந்தத் தொகை, வேலை தொடங்குமுன்பே வீட்டுக்காரர் கொடுத்து, கட்டுமானச் செலவில் கரைந்துபோகும் பணம்.

இதற்கு முன்மாதிரியாகக் காட்டப்படுவது சென்னையை ஒட்டிய அன்றைய ஆலந்தூர் நகராட்சி. 1990களின் பிற்பகுதியில் அந்த நகராட்சி சுமார் 34 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட் வசூலித்தது. குடியிருப்போர் நலச்சங்கங்கள் வீடுவீடாகப் போய் ஆதரவு திரட்டின. மக்களின் பணம் முன்னால் நின்றதால் கடன் கொடுப்போருக்கு நம்பிக்கை பிறந்தது. மாதக் கட்டணம் 150 ரூபாய் என்பதும் முன்கூட்டியே தெரிந்தது. இது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் பங்கை வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதில் ஓர் ஓட்டை இருக்கிறது. குழாய் தெருவுக்கு வருகிறது; மதிப்பு நிலத்துக்கு ஏறுகிறது. பக்கத்துக் காலிமனைக்காரர் வீடு கட்டி இணைப்பு கேட்கும்வரை ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை; அதற்குள் மனையை நல்ல விலைக்கு விற்றும் போய்விடலாம். மனைப்பிரிவு போட்டவரோ எப்போதோ கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வேலை இழுத்தடித்தால் நட்டம், முதலில் பணம் கட்டிக் காத்திருப்பவருக்கு மட்டுமே.

காலிமனைக்குக் கழிவுநீர் ஏது என்பார்கள். வசூலிப்பது கழிவுநீருக்கு அல்ல, விலையேற்றத்துக்கு. எல்லாவற்றையும் அரசே ஏற்கட்டுமே என்றால், டேங்கர் லாரித் தண்ணீருக்கும் செப்டிக் டேங்க் லாரிக்கும் கைக்காசு கொடுக்கும் தெருக்காரரின் வரிப்பணமும் அடுத்த தெருக் குழாய்க்குப் போகும். 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்த சென்னை மாநகராட்சியில் இது சின்ன விஷயம் அல்ல. பங்கை மனைப் பரப்பின்படி வகுத்து, காலிமனைக்கும் சேர்த்து விதிப்பதே நியாயம். மொத்தமாகக் கட்ட முடியாத ஏழைக் குடும்பத்துக்குத் தவணை தர வேண்டும்.

கடிதங்களில் வந்த மற்ற இரு கேள்விகள். வாடகைதாரர் கட்ட வேண்டுமா? டெபாசிட் உரிமையாளர் பொறுப்பு.

வீட்டை விற்றால்? ரசீதைப் பத்திரத்தோடு ஒப்படையுங்கள்.

பணம் கட்டியும் குழாய் வராதவர்கள் அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு ரசீதோடு போய், உங்கள் தெரு டெபாசிட் எந்தக் கணக்கில் இருக்கிறது, வேலை எந்தத் தேதியில் தொடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள்.