தேனீக் கொட்டும் ஓ.பி. சீட்டும்

இலையுதிர்த்த ரப்பர் மரங்கள் மாசி, பங்குனியில் புதுத் தளிர் விட்டு, அத்தளிர்க் காம்புகளில் மது சுரக்கத் தொடங்கியதும், மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தேன்பெட்டிகள் வந்திறங்குகின்றன; கூடவே, "தேனீக்காரனுக்குக் கொட்டு ஒரு பொருட்டா?" என்னும் பழைய வீறாப்பும் வந்துவிடுகிறது. இருபது வருஷ அனுபவமுள்ள ஒருவர், கழுத்தில் இரண்டே கொட்டு வாங்கி, பத்து நிமிஷத்துக்குள் வயிறெல்லாம் தடித்து, குரல் கம்மி, மூச்சுக்குத் தவித்தபோது, வீட்டார் சுண்ணாம்பு குழைத்துத் தடவிக்கொண்டிருந்ததை நான் கண்டேன். ஆஸ்பத்திரியில் அவர் பிழைத்தார். ஆனால் அவர் கொண்டுவந்த ஓ.பி. சீட்டில் இருந்தது "விஷக்கடி" என்ற ஒரே சொல். இத்தகைய சீட்டுகளை நான் வருஷந்தோறும் பார்த்து வருகிறேன்.

கொட்டிய ஈ தன் கொடுக்கை விஷப்பையோடு தோலில் விட்டுச் செல்கிறது. உற்று நோக்கினால், குருணையினும் சிறிய அந்த வெண்பை, ஈ போன பின்னும் துடித்துத் துடித்து விஷத்தை உள்ளே செலுத்துவது தெரியும். பெரும்பகுதி விஷம் முதல் அரை நிமிஷத்திலேயே இறங்கிவிடுவதால், நகத்தால் வழிப்பதா, கிள்ளி எடுப்பதா என்று ஆலோசித்து நிற்பது வீண். எப்படியாவது அக்ஷணமே எடுத்துவிட வேண்டும். அவ்விடத்தில் எழும் வாழைப்பழ வாசனை மற்ற ஈக்களையும் அழைக்குமாதலால், அதன்மேல் புகை காட்டி, பெட்டியை விட்டு விலகிச் சென்று, சோப்பால் கழுவி, குளிர்ந்த ஈரத்துணியை வைத்தால் போதும். சுண்ணாம்பினால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

கொட்டிய கை வீங்குவது இயல்பே. கொட்டாத இடத்தில் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குதல், மூச்சிரைப்பு, வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை காலை உயர்த்திப் படுக்கவைக்க வேண்டும், மூச்சுத் திணறினால் சாய்த்து உட்காரவைக்கலாம், எழுந்து நடக்க மட்டும் விடலாகாது. இதற்கு மருந்து, தொடையின் வெளிப்புறத் தசையில் போடப்படும் அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரை அரிப்பைத் தணிக்கும், பிராணனைக் காக்காது. மறுபடியும் சொல்கிறேன், அலர்ஜி மாத்திரை பிராணனைக் காக்காது. ஊசிக்குப் பின் உடம்பு தேறினாலும், சில மணி நேரத்தில் உபத்திரவம் திரும்பக்கூடும் என்பதால், உடனே வீட்டுக்குப் புறப்பட அவசரப்படக் கூடாது. மலைத்தேனீக்கூட்டம் நூற்றுக்கணக்கில் கொட்டியவருக்கோ, அலர்ஜி இல்லாவிடினும் சிறுநீரகம் கெடும் அபாயம் உண்டு. சிறுநீர் கறுத்துப் போகிறதா என்று கவனிக்க வேண்டும்.

இனி அந்தச் சீட்டு. கொட்டியது தேனீ என்பது, கொட்டிய நேரம், கண்ட குறிகள், ரத்த அழுத்தம், போட்ட ஊசி ஆகிய ஐந்தையும் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். வார்டில் சேர்த்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அவை இருக்கின்றனவா என்று வாசித்துப் பாருங்கள். "விஷக்கடி" என்று கிறுக்கித் தள்ளும் அலட்சியத்துக்கு நெருக்கடியும் கூட்டமும் சமாதானம் ஆகா. அந்தத் தாளைக் கொண்டுதான் அலர்ஜி நிபுணர், தேனீ விஷத்தையே சிறுகச் சிறுக 3 முதல் 5 ஆண்டு செலுத்தி உடம்பைப் பழக்கும் சிகிச்சை உங்களுக்கு ஏற்றதா என்று நிர்ணயிக்க முடியும். அதுவரை பெட்டியைத் திறவாதீர்கள். தனியாக ஒருநாளும் திறவாதீர்கள்.

இத்தகைய அலர்ஜி இல்லாத மற்றவர்கள், மேகமூட்டத்திலும் அந்தியிலும் பெட்டியைத் தொடாமல், வெளிர்நிறப் பருத்தியுடையும் முகவலையும் அணிந்து, தேங்காய்த் தொண்டு புகையை முதலில் வாசலில் காட்டி, ஈ நசுங்காதபடி அடையை மெல்லத் தூக்க வேண்டும். ஆடுமாடுகளைப் பெட்டியருகே கட்டலாகாது.

அந்தச் சீட்டு காப்பீட்டுக்கும் வேண்டியதே. வங்கிக் கணக்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா, விபத்து மரணத்துக்கு 2 லட்சம் தருவது; பாம்புக்கடி போன்றவற்றில் அது கேட்பது உடனடி மருத்துவமனைப் பதிவு. இதில் சேர்ந்த ஒருவர் துர்ப்பாக்கியவசமாகத் தேனீ கொட்டி இறந்தால், போலீசில் தெரிவித்து, பிரேதப் பரிசோதனை அறிக்கையில் காரணம் தேனீ என்று வந்திருக்கிறதா என்று பார்த்து, அதையும் சீட்டையும் இணைத்து, பணம் பிடிக்கப்பட்ட வங்கிக் கிளையிலேயே 30 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும்.