மகுடம் இறங்கிய பிறகும் மகாராஜா

வருடத்தில் இரண்டு நாள், பங்குனியிலும் ஐப்பசியிலும், திருவனந்தபுரம் விமான நிலையம் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவைக்கிறது. பத்மநாபசுவாமியின் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போக வேண்டும். வாளேந்தி உடன் நடப்பவர் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவர். ஆட்சி இல்லை, மானியமும் இல்லை. ஆனாலும் வழியெங்கும் மக்கள் கைகூப்புகிறார்கள்.

இந்த மரியாதையில் பெரும் பங்கைத் தேடித் தந்தவர், 1991 ஜூலையில் 78 வயதில் மறைந்த கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மா.

1931இல் ஆட்சிப் பொறுப்பேற்றபோது அவருக்கு 19 வயதுகூட நிரம்பவில்லை. 1936 நவம்பர் 12 அன்று, அரசின் பொறுப்பில் இருந்த கோயில்களை எல்லா சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்டார். வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே 1924இல் பெரியார் சிறை செல்ல வேண்டியிருந்த சமஸ்தானம் அது. தட்டியவர்கள் போராளிகள், ஆனால் கதவைத் திறந்த கை இளம் மன்னருடையது. 1937இல் பல்கலைக்கழகம், 1938இல் அரசு பஸ், 1940இல் பள்ளிவாசல் மின் நிலையம், 1944இல் மரண தண்டனை ஒழிப்பு என்று பட்டியல் நீள்கிறது.

அதே 1991இன் ஜனவரியில் நார்வே மன்னர் ஐந்தாம் ஓலாவ் இறந்தார். ஆஸ்லோ அரண்மனை முன்பு மக்கள் பனியில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் கார்களுக்குத் தடை வந்தபோது, பொது ரயிலில் டிக்கெட் எடுத்துப் பயணம் செய்தவர் அவர். ஆனால் ஓலாவ் ஆளாத அரசர். பலராம வர்மா ஆண்டவர். எனவே அவரிடம் கணக்கும் கேட்க வேண்டியிருக்கிறது.

1946 அக்டோபரில் புன்னப்ர, வயலார் தொழிலாளர்கள் மீது குண்டு பாய்ந்தது அவர் ஆட்சியில்தான். 1947இல் திருவிதாங்கூர் தனி நாடு என்று திவான் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்ததும் அவர் பெயரால்தான். ஜூலை 25 அன்று திவான் வெட்டப்பட்டார். அடுத்த சில நாட்களில் மன்னர் இந்தியாவுடன் இணைய சம்மதித்தார்.

அதன் பிறகு அவர் மக்கள் மனதில் உயர்ந்தார் என்பதுதான் வியப்பு. 1949 முதல் 1956 வரை ராஜபிரமுகர். பிறகு அந்தப் பதவியும் போயிற்று. முன்னோர் ஆண்ட பத்மநாபபுரம் அடங்கிய தமிழ்த் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. 1971இல் மன்னர் மானியமும் நின்றது. கவுடியார் அரண்மனையிலிருந்து பத்மநாபர் கோயிலுக்குப் போய்வருவதே அவர் வாழ்க்கையாயிற்று.

1973இல் அரச குடும்பம் அரசுக்குக் கொடுத்த கட்டடத்தில் வளர்ந்ததுதான் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம். இதய நோய்க்கும் மூளை நோய்க்கும் தென் தமிழகத்திலிருந்து வருகிறவர்கள் அதை ‘ஸ்ரீசித்ரா’ என்கிறார்கள். அது ஒரு மன்னரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. சீட்டு வாங்க வரிசையில் நிற்கும் யாரிடமும் சாதி கேட்பதில்லை. 1936 அறிவிப்புக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் வேண்டுமா?